கையால் செய்த பண்டிகைப் பரிசும் அதைப் பொதியும் விதமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நவராத்திரி தொடங்கிப் பொங்கல் முடியும்வரை நம் வீடுகளில் யாரையும் வெறுங்கையோடு அனுப்புகிற வழக்கம் இல்லை. கொலு பார்க்க வந்தவர்களுக்குத் தாம்பூலம், தீபாவளிக்குப் பலகாரம், கிறிஸ்துமஸுக்குப் பக்கத்து வீட்டு கேக், பொங்கலுக்குக் கரும்பும் மஞ்சள்குலையும் என்று நாலு மாதம் கை மாறிக்கொண்டே இருக்கும். இதில் ஒரு பங்கையாவது வீட்டிலேயே செய்து, நல்லபடியாகப் பொதிந்து கொடுக்க வேண்டும் என்று பல வருஷமாகச் செய்து வருகிறேன். மதினிமார், சித்தி, அடுத்த வீட்டு அக்கா, அலுவலகத்துத் தோழிகள் என்று பலரும் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். நான் வைத்திருக்கும் கணக்கு ஒன்றுதான்: உள்ளே இருப்பது தீர்ந்துபோகிற பொருளாக இருக்கட்டும், சுற்றியிருப்பது அந்த வீட்டில் தங்கி உழைக்கட்டும். கீழே உள்ள எல்லாப் பதில்களும் இதிலிருந்து வந்தவைதான்.

எனக்குக் கைவேலை எதுவும் வராது. நான் என்ன செய்து கொடுக்க முடியும்?

பொடி அரைத்துக் கொடுங்கள். தையல் வேண்டாம், ஓவியம் வேண்டாம். எந்த வீட்டிலும் பருப்புப்பொடி வீணாகிப் பார்த்ததில்லை. ராத்திரி சமைக்கத் தெம்பில்லாத நாளில் சூடான சோற்றில் போட்டு நெய் விட்டுப் பிசையும்போது கொடுத்தவரை நினைப்பார்கள்.

என் அளவு இது: துவரம்பருப்பு 200 கிராம், பொட்டுக்கடலை 50 கிராம், மிளகாய்வற்றல் எட்டு, மிளகு ஒரு தேக்கரண்டி, சின்னக் கட்டிப் பெருங்காயம் ஒன்று, உப்பு. துவரம்பருப்பை எண்ணெய் இல்லாமல் சிறு தீயில் வறுக்க வேண்டும். அவசரப்பட்டுத் தீயைக் கூட்டினால் மேலே சிவந்து உள்ளே பச்சையாக நிற்கும். ஒரு பருப்பை எடுத்துக் கடித்தால் 'நறுக்'கென்று உடைய வேண்டும், அதுதான் பதம். பொட்டுக்கடலை ஏற்கெனவே வறுத்தது என்பதால் கடைசியில் போட்டு ஒரு பிரட்டு பிரட்டினால் போதும். கல் உப்பையும் அதே சட்டிச் சூட்டில் ஒரு நிமிடம் போட்டு எடுங்கள், அதில் இருக்கும் ஈரம் போய்விடும். எல்லாம் ஆறிய பிறகு கொஞ்சம் நறநறப்பாக அரைத்து, அரைத்ததையும் தட்டில் பரப்பி ஆறவைக்க வேண்டும். மிக்ஸியில் ஓடும்போதே பொடி சூடாகிவிடும்.

இந்த ஆறவைப்பதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். முதல் வருஷம் நானும் விட்டேன். பாட்டிலில் அடைத்து, ரிப்பன் கட்டி, அன்றைக்கே அத்தை வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன். நாலாம் நாள் அத்தை போன் செய்து, "மூடிக்கு உள்பக்கம் முத்து முத்தா தண்ணி நின்னுச்சும்மா, மேலே பூசணம் பிடிச்சிருக்கு" என்றார். சூட்டோடு அடைத்ததில் ஆவி எழும்பி மூடியில் நீராகத் தங்கி, சொட்டி இறங்கியிருக்கிறது. இப்போதெல்லாம் அரைத்த பொடியை இரண்டு மணி நேரம் மெல்லிய துணி மூடி வைத்துவிட்டுத்தான் பாட்டிலைத் தொடுகிறேன்.

பூண்டு சேர்த்தால் மணம் கூடும், ஆனால் சீக்கிரம் கெடும். பரிசுக்குப் பூண்டு சேர்க்காமல் அரைப்பதே நல்லது.

எப்போது ஆரம்பிக்க வேண்டும்?

பண்டிகையிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். துணிப்பை, உறை, அச்சுத்தாள் போன்ற கெடாத வேலைகளை ஆடி மாதத்திலேயே கையில் எடுக்கலாம். பொடியைக் கொடுப்பதற்கு ஒரு வாரம் முன்னால் அரைத்தால் போதும். எண்ணெய்ப் பலகாரம் இரண்டு நாளுக்கு முன்னால். ஒருவருக்கு ஒன்று என்று பத்து விதமாகச் செய்யக் கிளம்பாமல், ஒரே பொருளை நிறையச் செய்யுங்கள். பத்தாவது பாட்டிலுக்கு வரும்போது கை தானாகப் பழகிவிடும்.

தீபாவளி மருந்தைப் பரிசாகக் கொடுக்கலாமா?

தாராளமாக. இப்போது நிறையப் பேருக்குக் கிளறத் தெரியவில்லை, அல்லது நேரமில்லை. சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், சீரகம், தனியா இவற்றைப் பொடித்து, வெல்லப்பாகில் கிளறி, நெய்யும் நல்லெண்ணெயும் விட்டு, ஒட்டாமல் சுருண்டு வரும்போது இறக்குவது. தேனை ஆறிய பிறகு சேருங்கள். சின்ன வாய் அகன்ற பாட்டிலில் கொடுத்தால் காலையில் ஒரு நெல்லிக்காய் அளவு எடுத்துக்கொள்ள வசதி. வெல்லம் சேர்ந்தது என்பதை மேலே எழுதிவிடுங்கள். சர்க்கரை நோய் உள்ள பெரியவர்கள் பார்த்துச் சாப்பிடுவார்கள்.

கொலுவுக்கு நாற்பது பேர் வருவார்கள். அத்தனை பேருக்கும் கையால் செய்ய முடியுமா?

சுருக்குப்பை தைத்தால் முடியும். கடையில் கிடைக்கும் ரவிக்கைத் துண்டு பெரும்பாலும் 80 சென்டிமீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம் இருக்கும். அதை 20-க்கு 50 ஆக வெட்டினால் எட்டுத் துண்டு வரும். ஒவ்வொன்றையும் நடுவில் மடித்தால் ஒரு பை. ஐந்து ரவிக்கைத் துண்டில் நாற்பது பை முடிந்தது.

மடித்து இரண்டு பக்கமும் தைக்கும்போது மேலே நாலு சென்டிமீட்டரை விட்டுவிடுங்கள். விட்ட இடத்தின் ஓரங்களை உள்ளே மடித்துத் தைத்து, வாய்ப்பகுதியைக் கீழே மடித்து ஒரு தையல் ஓட்டினால் கயிறு போகிற குழாய் வந்துவிடும். கயிறு இரண்டு போட வேண்டும்: ஒன்று இடப்பக்கம் நுழைந்து சுற்றி இடப்பக்கமே வெளியே வரட்டும், மற்றது வலப்பக்கம். இரண்டையும் பிடித்து இழுத்தால் பை சரியாகச் சுருங்கும். ஒற்றைக் கயிறு போட்டால் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு நிற்கும்.

உள்ளே வெற்றிலை பாக்கு, மஞ்சள், குங்குமம், ஒரு பொட்டலம் பொடி. வெற்றிலை ஈரமாக இருந்தால் துடைத்துவிட்டு வையுங்கள். நான் சின்ன வெட்டிவேர்க் கற்றையும் ஒன்று வைப்பேன். தாம்பூலம் எடுத்த பிறகு அந்தப் பை வேரோடு துணி அலமாரிக்குள் போய்விடும், பல மாதம் மணக்கும்.

ரவிக்கைத் துண்டிலேயே பரிசைப் பொதியலாம் என்கிறீர்களே, அது எப்படி?

இதைத்தான் எல்லோரும் அதிகம் கேட்கிறார்கள், எனக்கும் மிகப் பிடித்தது இதுதான். காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு வருஷம் தாம்பூலத்தில் கொடுத்த ஒரு பச்சை ரவிக்கைத் துண்டின் மூலையில் பால்பாயிண்ட் பேனா மை கொஞ்சம் பட்டிருந்தது. மூன்று வருஷம் கழித்து வேறொரு வீட்டுத் தாம்பூலத்தில் அதே துண்டு, மடிப்புக் கலையாமல், அதே மைப்பொட்டோடு என் கைக்கே வந்து சேர்ந்தது. இடையில் எத்தனை வீட்டைச் சுற்றியதோ. யாரையும் குறை சொல்ல முடியாது; அந்த நிறத்துக்குப் புடவை இல்லாதவர்கள் அதை வைத்து என்ன செய்வார்கள்? அன்றைக்கு அதை விரித்துப் பார்த்தபோதுதான் தோன்றியது, இது பொட்டலம் கட்டச் சரியான அளவாயிற்றே என்று.

ஜப்பானில் ஃபுரோஷிகி என்று சதுரத் துணி வைத்திருக்கிறார்கள். பரிசு, சாப்பாட்டுப் பெட்டி, புத்தகம் எல்லாவற்றையும் அதில் முடிந்து எடுத்துப்போவார்கள். வழக்கமான அளவு சுமார் 70 சென்டிமீட்டர். பிளாஸ்டிக் பை வந்த பிறகு வழக்கம் குறைந்துவிட, 2006-இல் சுற்றுச்சூழல் அமைச்சராக இருந்த யூரிகோ கொய்கே, பழைய பிளாஸ்டிக் பாட்டிலை இழையாக்கி நெய்த ஃபுரோஷிகியை முன்வைத்து, மறுபடி இதைப் பழக்கத்துக்குக் கொண்டுவர முயன்றார். கொரியாவிலும் இதே மாதிரி பொஜாகி என்ற துணி உண்டு. ஒட்டுத்துணிகளைச் சேர்த்துத் தைத்ததே தனி அழகு. நமக்கும் இது புதிதல்ல. கட்டுச்சோற்றைத் துண்டில் முடிந்து தோளில் போட்டுக்கொண்டு நடந்தவர்கள்தானே நம் தாத்தாமார்.

செய்முறைக்கு வருவோம். 80-க்கு 100 துண்டில் 20 சென்டிமீட்டர் பட்டையை வெட்டி எடுத்தால் 80 சதுரம் கிடைக்கும். எடுத்த பட்டை நாடாவாக உதவும். ஓரத்தை மடித்து அடியுங்கள், இல்லையென்றால் நூல் பிரியும். புதுத்துணியை ஒரு தடவை அலசி உலர்த்துவது அவசியம். சாயம் போகிறதா என்று தெரியும், கடைக்கஞ்சியும் போகும். பொருளின் நீளம் துணியின் மூலைக்கு மூலை அளவில் மூன்றில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும். 80 சதுரத்தின் குறுக்களவு 113 வரும். அதனால் 37 சென்டிமீட்டர் வரை உள்ள பெட்டியைத் தாராளமாகக் கட்டலாம். சின்ன பாட்டிலுக்கு அதே ரவிக்கைத் துண்டை 40 சதுரமாக நாலாக வெட்டிக்கொள்ளலாம்.

துணியை மூலை உங்களைப் பார்க்கும்படி விரித்து, நடுவில் பெட்டியை வையுங்கள். உங்கள் பக்கத்து மூலையைப் பெட்டி மேல் போட்டு, எதிர்ப்பக்கத்து மூலையை அதற்கு மேல் போர்த்துங்கள். மிச்சம் இடதும் வலதும். இரண்டையும் தூக்கி நடுவில் முடிய வேண்டும். முடிச்சில்தான் விஷயம் இருக்கிறது. முதல் தடவை வலதை இடதின் மேல் போட்டு முடிந்தால், இரண்டாம் தடவை இடதை வலதின் மேல் போட வேண்டும். சரியாக விழுந்தால் இரண்டு காதும் பெட்டிக்குக் கிடைவசமாக, முயல் படுத்திருப்பதுபோல விரிந்து கிடக்கும். ஒரு காது மேலேயும் ஒன்று கீழேயும் நின்றால் தப்பு, கொஞ்சம் ஆட்டியதும் நழுவும்.

இரண்டு பாட்டிலை ஒரே துணியில் கட்டவும் வழி உண்டு. இரண்டையும் படுக்கவைத்து, அடியும் அடியும் பார்த்தபடி நாலு விரல் இடைவெளி விட்டு, ஒரு மூலையிலிருந்து சேர்த்து உருட்டிக்கொண்டு போங்கள். கடைசி மூலை வந்ததும் இரண்டு பாட்டிலையும் நிமிர்த்தி நிறுத்தினால் இடைவெளி மடிந்து பாட்டில்கள் தோளோடு தோள் நிற்கும். மேலே இருக்கிற இரண்டு முனைகளை முடிந்தால் தூக்கிப் பிடிக்கும் காம்பு ஆயிற்று. குழந்தைகளுக்கு இதைச் செய்துகாட்டினால் மறுபடி மறுபடி அவிழ்க்கச் சொல்வார்கள்.

பருத்தித் துணியில் முடிச்சு நிற்கும். ஆர்ட் சில்க் வழுக்கும். அதற்கு நாடா போட்டு இன்னொரு கட்டு கட்டிவிடுங்கள்.

பழைய புடவையை வெட்டிப் பொதியலாமா? தப்பாக நினைக்க மாட்டார்களா?

கட்டின புடவையை வெளியாருக்குக் கொடுப்பதைச் சிலர் விரும்ப மாட்டார்கள். அவர்களுக்குப் புதுத்துணி. சொந்தத்துக்குள் கொடுக்கும்போது எதிர்மாறாக நடக்கிறது. ஆச்சி கட்டிய சுங்குடிப் புடவை நடுவில் நைந்துபோய்விட்டது. முந்தானைப் பக்கம் திடமாக இருந்தது. அதை வெட்டி ஓரம் அடித்து, பேத்திகள் ஐந்து பேருக்கும் பொடி பாட்டிலைச் சுற்றிக் கொடுத்தேன். பொடி தீர்ந்து எத்தனையோ நாளாயிற்று. துணியை ஒருத்தியும் விடவில்லை.

பெட்டிக்குத் தாள் சுற்றும்போது எப்போதும் குறைந்துவிடுகிறது, அல்லது மிஞ்சுகிறது. கணக்கு உண்டா?

உண்டு. தாளின் ஒரு பக்கம், பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றி மூன்று சென்டிமீட்டர் மேற்பொருந்த வேண்டும். மறுபக்கம், பெட்டியின் நீளத்தோடு உயரத்தின் ஒன்றரை மடங்கு. 20 நீளம், 12 அகலம், 6 உயரமுள்ள பெட்டி என்று வையுங்கள். சுற்றளவு 12-உம் 6-உம் சேர்ந்த 18-இன் இருமடங்கு, 36. மூன்று சேர்த்தால் 39. மறுபக்கம் 20-உம் 9-உம், 29. ஆக 39-க்கு 29 தாள் போதும். பக்கவாட்டில் தாள் அதிகமாக இருந்தால்தான் மடிப்பு உப்பிக்கொண்டு அசிங்கமாகத் தெரியும். அழகான பொட்டலத்தின் ரகசியம் பக்கத்தில் குறைவாக விடுவதுதான். ஒவ்வொரு மடிப்பையும் நகத்தால் ஒரு இழுப்பு இழுத்துவிடுங்கள்.

மின்னுகிற தாளை வாங்கலாமா?

வாங்காதீர்கள். தாள் மாதிரி இருந்தாலும் பலவற்றில் பிளாஸ்டிக் படலம் ஒட்டியிருக்கும். கையில் கசக்கிப் பாருங்கள்: கசங்கியபடியே இருந்தால் தாள், மெல்ல மெல்ல விரிந்து வந்தால் பிளாஸ்டிக். அதைப் பழைய பேப்பர்க்காரரும் எடுக்க மாட்டார். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை, 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' என்று இயக்கமே தொடங்கினார்கள். மஞ்சப்பையில் ஒரு பூ தைத்து அதிலேயே பரிசைப் போட்டுக் கொடுத்தால் அது காய்கறி வாங்கப் போகும். எனக்கு அது பெரிய கௌரவம்.

செய்தித்தாளில் சுற்றலாமா?

புத்தகம், துணி, விளக்கு என்றால் சுற்றலாம். தமிழ் எழுத்து நெருக்கமாக உள்ள பக்கத்தில் சிவப்பு நாடா கட்டினால் நன்றாகவே இருக்கும். சாப்பிடுகிற பொருள் நேரடியாகப் படக்கூடாது. அச்சு மையில் உள்ளவை உணவில் இறங்கும், எண்ணெய்ப் பலகாரமென்றால் இன்னும் சீக்கிரம். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமே இதை எச்சரித்திருக்கிறது. முறுக்கு, அதிரசத்துக்கு வாழையிலை, மந்தாரை இலை, அல்லது எண்ணெய் ஊறாத பட்டர் பேப்பர்.

குழந்தைகளை எந்த வேலையில் சேர்க்கலாம்?

வெண்டைக்காய் அச்சில். முற்றின வெண்டைக்காயைக் காம்பிலிருந்து மூன்று விரல் தள்ளி நறுக்கினால் வெட்டுவாயில் ஐந்து இதழ்ப் பூ தெரியும். காம்புதான் கைப்பிடி. கொழகொழப்புப் போக, பத்து நிமிடம் துணியில் கவிழ்த்து வையுங்கள்; இல்லாவிட்டால் வண்ணம் வழுக்கும். தட்டில் ஊற்றிய வண்ணத்தில் தொட்டால் தேவைக்கு மேல் ஒட்டி அப்பிக்கொள்ளும். நனைத்த பஞ்சில் போஸ்டர் கலர் ஊற்றி, அதில் ஒற்றி எடுத்துப் பழுப்புத் தாளில் வைத்தால் விதை இருந்த இடம்கூடப் புள்ளியாகப் பதியும். மஞ்சள்பொடியைக் கரைத்தும் அச்சு வைக்கலாம், ஆனால் வெயில் பட்டால் வெளுத்துவிடும். அன்றைக்கே கொடுக்கிற பொட்டலமென்றால் சரி.

ஒட்டுவதற்கு மைதாப் பசை போதும். பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் போடுவது புத்தகம் கட்டுபவர்கள் வழக்கம், அது விஷம். குழந்தைகள் கை வைக்கும் பசையிலும், தின்பண்டப் பொட்டலத்திலும் வேண்டவே வேண்டாம்.

ஓலைப்பெட்டி நல்லதா?

எங்கள் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் கருப்பட்டியே ஓலைப்பெட்டியில்தான் வரும், அதனால் எனக்கு அதன் மேல் தனிப் பிரியம். பனை நம் மாநில மரம். கொட்டான் என்கிற செட்டிநாட்டு ஓலைக்கூடைக்குப் புவிசார் குறியீடும் உண்டு. அதன் நிறமும் நெருக்கமும் தனி. முடைபவரிடமே நேரில் வாங்கினால் நீங்கள் கொடுக்கிற காசு முழுதும் அவருக்குப் போகும். உள்ளே ஈரமான எதையும் வைக்காதீர்கள், பூசணம் பிடிக்கும். சில்லுக்கருப்பட்டி, முந்திரி, பனங்கற்கண்டு, சோப்பு, வளையல் எல்லாம் வைக்கலாம். கட்டுவதற்கு வாழைநார் போதும். காய்ந்த நார் மடக்கினால் ஒடியும். தண்ணீரில் நனைத்துவிட்டால் இளகிவிடும்.

கிறிஸ்துமஸுக்குப் பக்கத்து வீட்டுக்கு என்ன கொடுக்கலாம்?

அவர்கள் வீட்டில் கேக்கும் கலகலாவும் குவிந்திருக்கும். இனிப்பைத் தவிர்த்துக் காரமாக எதையாவது கொடுங்கள், சந்தோஷமாக வாங்கிக்கொள்வார்கள். அவர்கள் பலகாரம் வந்த தட்டைக் காலியாகத் திருப்பக்கூடாது என்பது நமக்குத் தெரிந்ததுதான். அந்தத் தட்டையே துணியில் முடிந்து கொடுங்கள். தூத்துக்குடி மக்ரூன் வீட்டில் செய்து கொடுக்க நினைப்பவர்களுக்கு: அது முந்திரி, சீனி, முட்டை வெள்ளைக்கருவில் செய்வது. காற்றுப் பட்டால் நமுத்துப்போகும், காற்றுப்புகாத டப்பாவில்தான் கொடுக்க வேண்டும். முட்டை சாப்பிடாதவர்களுக்கு மறக்காமல் சொல்லிவிடுங்கள்.

மெழுகுவர்த்தி, சோப்பு செய்யலாமா?

மெழுகை நேரடித் தீயில் உருக்காதீர்கள், வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்குங்கள். சோப்புக்குக் காஸ்டிக் சோடா வேண்டும். அது தோலையும் கண்ணையும் பொசுக்கும். குழந்தை இருக்கிற வீட்டில் அந்த வேலையே வேண்டாம் என்பேன். குளிக்கக் கொடுப்பதென்றால் பச்சைப்பயறும் கஸ்தூரி மஞ்சளும் ஆவாரம்பூவும் அரைத்த நலங்குமாவே போதும்.

பணமாகக் கொடுக்கிறோம். அதற்கு என்ன அலங்காரம்?

மாதக் காலண்டர் தாளில் உறை செய்யுங்கள், கெட்டியாக நிற்கும். ஒரு ரூபாய் நாணயத்தை மறக்காமல் மேலே ஒட்டுங்கள். பழைய கல்யாணப் பத்திரிகையின் எழுத்தில்லாத பக்கத்தில் பெயர்ச்சீட்டு வெட்டலாம். சாமி படம் உள்ள பகுதியை வெட்ட மனம் வராது. அதை அப்படியே விட்டுவிடுங்கள்.

வெளியூருக்கு, வெளிநாட்டுக்கு அனுப்பலாமா?

வெளியூருக்குப் பொடி போகும். பாட்டில் வேண்டாம், கெட்டியான பையில் அடைத்து, துணியில் சுற்றி அட்டைப்பெட்டிக்குள் வையுங்கள். வெளிநாட்டுக்குத் துணிப்பொருள் அனுப்புவதே நிம்மதி. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போன்ற நாடுகளில் உணவு, விதை, ஓலை எதுவானாலும் சுங்கத்தில் தெரிவிக்க வேண்டும், பிடித்துவைத்துவிடவும் செய்வார்கள். ஓலைப்பெட்டியை ஆசையாக அனுப்பி, பிள்ளைகள் பதில் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டாம்.

கடையில் வாங்காமல் கையால் செய்து கொடுத்தால் கஞ்சத்தனம் என்று நினைப்பார்களா?

சிலர் நினைப்பார்கள். அவர்களுக்குக் கடையிலேயே வாங்கிக் கொடுத்துவிடுங்கள். அவர்களுக்கு அதுதான் பிடிக்கும், பிடித்ததைக் கொடுப்பதுதானே பரிசு. மற்றவர்களை அடையாளம் காண்பது சுலபம். அடுத்த வருஷம் கழுவிக் காயவைத்த பாட்டிலைத் தாங்களே கொண்டுவந்து வைப்பார்கள்.

பெயர்ச்சீட்டில் என்ன எழுத வேண்டும்?

வாழ்த்து ஒரு வரி போதும். மீதியை உபயோகமாக எழுதுங்கள்: என்ன பொருள், என்றைக்குச் செய்தது, எதெல்லாம் சேர்ந்தது, எவ்வளவு நாளைக்குள் தீர்க்க வேண்டும். போன வருஷம் சித்தி வீட்டுக்குப் போன பாட்டிலில் நான் எழுதியது இது: "பருப்புப்பொடி. புரட்டாசி 20 அன்று அரைத்தது. பூண்டு இல்லை. ஒரு மாதத்துக்குள் சாப்பிடவும். ஈரக்கரண்டி போட வேண்டாம். துணி உங்களுக்குத்தான், பாட்டிலை மட்டும் திருப்பித் தாருங்கள் சித்தி."